கல்வராயன் மலை: சட்டம் விட்டுவிட்ட உரிமையாளர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கோமுகி அணை வரும். அணையைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கும். வளைவுக்கு வளைவு காடு. காட்டுக்கு நடுவே சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள். அதற்கும் மேலே வெள்ளிமலை, கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்களின் தாய்மொழி தமிழ்.

இந்த மலையில் ஒருவர் காப்புக்காட்டின் எல்லைக்குள் ஆடு ஓட்டிச் சென்றாலோ, விறகு வெட்டினாலோ, புதிதாக ஒரு துண்டு நிலத்தைத் திருத்தினாலோ வனத்துறை எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு எழுதும்? தமிழ்நாடு வனச் சட்டம், 1882. அச்சுப் பிழை ஏதுமில்லை. ‘மெட்ராஸ்’ என்ற சொல் ‘தமிழ்நாடு’ என்று மாறியிருக்கிறது. திருத்தங்கள் சில சேர்ந்திருக்கின்றன. சட்டத்தின் எலும்புக்கூடு மட்டும் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் ஒருவரும் சட்டமன்றத்துக்கு வாக்களித்திராத காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத அவையில் இயற்றப்பட்ட சட்டம், விடுதலை பெற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மலையின் அன்றாடத்தை ஆள்கிறது.

பழைய சட்டம் என்பதாலேயே அது கெட்ட சட்டம் ஆகிவிடாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அறையில் யார் இருந்தார்கள்? யாருடைய பேச்சு காதில் விழுந்தது? யாருடைய பேச்சு விழுந்தும் ஒதுக்கப்பட்டது? தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை என்ற கல்வராயன் மலையின் இன்றைய பிரச்சினைக்கு விடை தேடுகிறவர்கள் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போக முடியாது.

கோட்டையின் அறை

1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் சென்னையிடமிருந்து சட்டமியற்றும் அதிகாரத்தைப் பறித்துக் கல்கத்தாவிடம் கொடுத்தது. 28 ஆண்டுகள் கழித்து, 1861-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் அதைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்த அதிகாரத்தின் அளவு என்ன? கவர்னரும் அவருடைய நிர்வாகக் குழுவினரும் இருப்பார்கள். சட்டமியற்றக் கூடும்போது மட்டும் அட்வகேட் ஜெனரலும், கவர்னர் நியமிக்கும் 4 முதல் 8 வரையிலான கூடுதல் உறுப்பினர்களும் சேர்ந்துகொள்வார்கள். அந்தக் கூடுதல் உறுப்பினர்களில் பாதிப் பேராவது அரசுப் பணியில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அந்த வழியில்தான் சதகோபாச்சார்லுவும், அவருக்குப் பின் கஜுலு லட்சுமிநரசு செட்டியும் 1860-களில் அவைக்குள் நுழைந்தார்கள். சென்னை மாகாணத்தின் சட்டமன்றத்தில் இந்தியக் குரல் முதலில் ஒலித்தது அப்போதுதான்.

ஆனால் அந்த அவையில் கேள்வி கேட்க முடியாது. வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்க முடியாது. அரசின் வருவாயைத் தொடும் மசோதா எதையும் கவர்னரின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். நிறைவேறிய பிறகும் கவர்னர் ஒப்ப வேண்டும். அவருக்கு மேல் கவர்னர் ஜெனரல் ஒப்ப வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை வந்தது 1892-இல். மக்களில் ஒரு பகுதியினர் நேரடியாக வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியது 1920-இல். அப்போதும் சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கே வாக்கு. பட்டா இல்லாத மலைக்குடிக்கு அந்த வாசலும் சாத்தியே கிடந்தது.

வனச் சட்டம் நிறைவேறிய 1882-இல் கிராண்ட் டஃப் கவர்னராக இருந்தார். ‘சுதேசமித்திரன்’ தொடங்கிய ஆண்டும் அதுவே. சென்னை மகாஜன சபை பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. தமிழில் பொதுக்கருத்து என்று ஒன்று அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. அதுவும் பட்டணத்தில். மலைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைகூட இல்லை.

வாரியம் சொன்னது

இந்தக் கதையில் பலரும் அறியாத ஒரு திருப்பம் இருக்கிறது. காடு கிராமத்தாருடையது என்று அன்று எழுதி வாதாடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். சென்னை அரசின் சொந்த வருவாய் வாரியத்தின் அதிகாரிகள்.

கல்கத்தா அரசு நாடு முழுவதற்கும் ஒரே வனச் சட்டம் வேண்டும் என்று விரும்பியது. ரயில்வேக்கு மரம் தேவைப்பட்டது. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது 1856-இல். சில ஆண்டுகளிலேயே தண்டவாளம் ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கடற்கரையை எட்டிவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டையும் எஞ்சினுக்கு உள்ளே விறகும் மலைகளிலிருந்து இறங்கின. அதற்கும் முன்பே, 1830-இல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை, தென்னாற்காடு, சேலம் பகுதிகளின் காடுகளைக் கரியாக்கியிருந்தது. காடு குறைகிறது என்று முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர், 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட மருத்துவர் கிளெகார்ன். அவர் கவலை உண்மையானது. காடு குறைந்தது உண்மை. அதை அழித்ததில் பெரும்பங்கு யாருக்கு என்பதில்தான் கணக்கு திரிந்தது. உலைக்கும் ரயிலுக்கும் காட்டைத் தின்னக் கொடுத்த அரசு, வேலி போட வந்தபோது ஆட்டையும் கொத்தையும் தடுத்தது.

1869 முதல் சென்னைக்கு ஒரு வன மசோதா எழுதும் முயற்சி நடந்தது. 1871-இல் வருவாய் வாரியம் தன் கருத்தைப் பதிவுசெய்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று அநேகமாக எதுவுமே இல்லை. தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கு உரிய கட்டணத்தைத் தவிர, காட்டின்மேல் அரசுக்குச் சொத்துரிமை இருந்ததாகத் தெரியவில்லை. நினைவுக்கு எட்டாத காலம் முதல் கிராமத்தார் ஆண்டு அனுபவித்து வருகிறார்கள். வாரியம் சொன்னதன் சாரம் இது. வரி வசூலுக்காகவே இருந்த ஓர் அலுவலகம், ஆவணங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதிய முடிவு என்பதால் இதற்கு எடை கூடுதல்.

எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வடிவம் கொடுத்தவர் பேடன் பவல் என்ற ஆங்கில அதிகாரி. உரிமை வேறு, சலுகை வேறு என்று அவர் பிரித்தார். பதிவேட்டில் ஏறியது உரிமை. மற்றபடி மக்கள் காட்டில் செய்துவந்ததெல்லாம் அரசு பார்த்தும் பாராமல் விட்ட சலுகை. வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவினையின்மேல் 1878-இன் இந்திய வனச் சட்டம் எழுந்தது. புணேயின் பொதுமக்கள் அமைப்பான சார்வஜனிக் சபை அதை எதிர்த்து மனு எழுதியது. சென்னை அரசோ, கிராமத்தாரின் உரிமையைக் காரணம் காட்டி, அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வர மறுத்தது.

மறுப்பு நான்கு ஆண்டுகளே தாங்கியது. இந்திய வனத்துறையின் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸ் 1881-இல் சென்னைக்கு வந்தார். கிராமத்துக்கென்று தனிக்காடு வேண்டும் என்று பல இடங்களில் வாதிட்ட மிதவாதி அவர். ஆனாலும் அரசின் பிடி இறுகும் ஒரு சட்டம் சென்னைக்குத் தேவை என்ற நோக்கோடுதான் வந்தார். 1882-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமாக மெட்ராஸ் வனச் சட்டம் நிறைவேறி, 1883 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆக, காடு அரசுடையது என்பது இயற்கை விதியாக மேலிருந்து இறங்கி வரவில்லை. அது ஒரு விவாதத்தில் ஒரு தரப்பின் வெற்றி. மறுதரப்பின் வாதம் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அரசுக்குள் நடந்த அந்த விவாதத்தின் இருபுறமும் அதிகாரிகளே பேசினார்கள். யாருடைய காடோ, அவர் பேச இடமே இருக்கவில்லை.

மூன்று மாதக் கெடு

அந்தச் சட்டத்தின் நடைமுறையைப் படித்தால் அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது விளங்கும். பிரிவு 4-இன்கீழ் அரசு ஓர் அறிவிக்கை வெளியிடும்: இன்ன எல்லைக்குள் இருக்கும் நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம். வன நிர்ணய அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார். பிரிவு 6-இன்கீழ் அவர் சுற்றுவட்டார ஊர்களில் அந்த வட்டார மொழியில் பிரகடனம் செய்வார். மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு கெடு வைப்பார். அதற்குள் நிலத்தின்மேலோ, வழித்தடத்தின்மேலோ, மேய்ச்சலின்மேலோ, காட்டு விளைபொருளின்மேலோ உரிமை உள்ளவர்கள் வந்து சொல்ல வேண்டும். விசாரணை முடிந்து பிரிவு 16-இன்கீழ் இறுதி அறிவிக்கை வந்ததும் காடு ‘காப்புக்காடு’ ஆகிவிடும். அதன்பின் புதிதாக நிலம் திருத்துவது, தீ மூட்டுவது, மாடு மேய்ப்பது, மரம் வெட்டுவது, வேட்டையாடுவது எல்லாம் பிரிவு 21-இன்கீழ் குற்றம். கெடுவுக்குள் கோராத உரிமை அற்றுப்போகும்.

சட்டம் எழுதியவர்கள் பார்வையில் இது நியாயமான நடைமுறை. பிரகடனம் உண்டு, விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. இந்த நடைமுறைக்கு ஈடுகொடுக்கக்கூடிய குடி எப்படி இருக்கும்? எழுதப் படிக்கத் தெரிந்த குடி. பதிவேட்டில் பெயர் உள்ள குடி. தாலுகா கச்சேரிக்கு நடந்து போய் மனுக் கொடுத்துப் பழகிய குடி. மலையில் ஏர் பூட்ட முடிந்த நிலம் உழவுக்காடு. ஏர் ஏறாத சரிவில் கொத்தினால் கிளறி விதைப்பது கொத்துக்காடு. ஒரு சரிவில் சில ஆண்டுகள் விதைத்துவிட்டு மண் தெளியட்டும் என்று விடுவார்கள். விட்ட நிலமும் அவர்களுக்கு அவர்களுடையதே. சர்வே எண் கேட்கிற பதிவேட்டில் அந்த நிலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அங்கே அது தரிசு. தரிசு என்றால் அரசுடையது. வாய் திறக்காதவருக்கு உரிமை இல்லை என்று முடிவுகட்டியது அந்தச் சட்டம். மலையில் ஓர் உரிமையை யாரும் ‘கோருவதில்லை’, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு மாகாணம் முழுவதும் உணரப்பட்டது. மேய்ச்சல் கட்டணமும் வனத்துறைக் கீழ்நிலை ஊழியரின் கெடுபிடியும் பெரும் புகாராக வளர்ந்து, 1913-இல் மெட்ராஸ் வனக் குழு அறிக்கை தர வேண்டியதாயிற்று. 1921-இல் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் விவசாயிகள் காட்டுக்குள் மாடுகளை ஓட்டி வனச் சத்தியாகிரகம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே கன்னெகண்டி ஹனுமந்து போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அவையில் கேட்கப்படாத குரல் தெருவில் கேட்டது. அதற்குக் குண்டு பதிலாக வந்தது.

ஒரு மலை, இரண்டு எசமானர்கள்

கல்வராயன் மலையின் வரலாறு இன்னும் சிக்கலானது. இங்கே நேரடி அரசாட்சி வெகுகாலம் இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் பிடியில் மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்து மானியம் என்று அந்த உரிமைக்கு ஒரு பழங்கதை சொல்லப்பட்டது. கம்பெனி ஆட்சி வந்தது, பிரிட்டிஷ் அரசியின் ஆட்சி வந்தது, இரண்டும் ஜாகீரைக் கலைக்கவில்லை. மலைக்குடிகள் ஜாகீர்தாருக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தார்கள். 1947 வந்து போனது. குடியரசு பிறந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்தன. கல்வராயன் மலையின் ஜாகீர், வழக்குகளின் நிழலில், 1976 வரை நீடித்தது. கொத்தடிமை முறையை நாடாளுமன்றம் சட்டத்தால் ஒழித்ததும் அதே 1976-இல்தான்.

ஜாகீர் ஒழிந்த நாள் மலைக்கு விடுதலை நாளாக இருந்திருக்க வேண்டும். ஜாகீர்தாரிடமிருந்து நிலம் அரசின் கைக்கு வந்தது. அந்த நிலத்தை இது காடு, இது விளைநிலம் என்று பிரிக்க அரசின் கையில் இருந்த கருவி எது? 1882-இல் வார்த்தெடுத்த அதே அளவுகோல். ஜாகீர்தார் காலத்தில் பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே காட்டுவதற்குக் குடியானவரிடம் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் தாத்தன் விதைத்த சரிவில் பேரன் ஆக்கிரமிப்பாளர் ஆனார்.

என்னுடைய வாதத்தின் மையம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டமன்றம் காட்டுக்கு இரண்டு வகை உரிமையாளரை மட்டும் ஏற்றுக்கொண்டது: ஒன்று சர்க்கார், மற்றொன்று ஜமீனோ ஜாகீரோ வைத்திருந்த தனியார். வருவாய் வாரியம் 1871-இலேயே சுட்டிக்காட்டிய மூன்றாவது உரிமையாளரை, அதாவது ஊரை, சட்டம் விட்டுவிட்டது. கல்வராயன் மலை அந்த இரண்டு எசமானர்களையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துவிட்டது. விடுபட்ட பெயர் விடுபட்டபடியே இருக்கிறது.

சாராயமும் அதே அறையில்

கள்ளக்குறிச்சி என்றதும் நாட்டுக்கு இன்று நினைவுக்கு வருவது 2024 ஜூன். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலி வேலைக்குப் போன மனிதர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பாடை கட்டிய காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதைத் தொடர்ந்து எல்லோருடைய விரலும் மலையை நோக்கி நீண்டது. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்படுவது உண்மை. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மெத்தனால் மலையில் ஊறும் பொருளன்று. அது தொழிற்சாலைச் சரக்கு. மலையின் பெயரைச் சொல்லி அந்தச் சாவுகளின் கணக்கை முடித்துவிட முடியாது.

மலைக்குச் சாராயத் தொழில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்கும் வனச் சட்டத்தை இயற்றிய அந்த அவையோடு தொடர்பு உண்டு. வனச் சட்டம் நிறைவேறி நான்கே ஆண்டுகளில், 1886-இன் முதல் சட்டமாக, மெட்ராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. வீட்டுக்கும் திருவிழாவுக்கும் காய்ச்சிய பானம் அரசின் வருவாய் இனமாக இறுகியது. குத்தகைக்காரரும் கலால் ஊழியரும் ஊருக்குள் வந்தார்கள். இப்படிப்பட்ட வரிகள் மலைகளில் என்ன செய்யும் என்பது அரசுக்கு முன்பே தெரியும். கோதாவரிப் பகுதியின் ரம்பா மலையில் 1879-இல் வெடித்த கலகத்துக்கு உடனடிக் காரணமே கள்ளின்மேல் விழுந்த வரிதான். காட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டபோது கலகம் பக்கத்து மலைகளுக்கும் பரவியது. படையனுப்பி அடக்கினார்கள். அடக்கிய மூன்றாம் ஆண்டில் வனச் சட்டம். ஏழாம் ஆண்டில் அப்காரிச் சட்டம். எடுத்துக்கொண்ட பாடம் அவ்வளவுதான்.

ஒரு சட்டம் நிலத்தைச் சந்தேகத்துக்குரியதாக்கியது. மற்றொரு சட்டம் பானத்தைக் குற்றமாக்கியது. சட்டப்படி விதைக்க முடியாத, சட்டப்படி பட்டா பெற முடியாத, பட்டா இல்லாததால் வங்கியில் கடன் வாங்க முடியாத ஒரு மலையில், சமவெளியின் வியாபாரி முன்பணம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை எதுவோ அதுவே பிழைப்பாகிறது. மறுத்தவர்கள் மிளகும் காப்பியும் பறிக்கக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் பேருந்து ஏறுகிறார்கள். சாராயத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் ஊறலை மட்டும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, நிலத்தின் கணக்கைத் தீர்க்காமல் இறங்கிவரும் எந்த நடவடிக்கையும் அடுத்த ஆண்டு மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.

2024 துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாவின் காரணத்தைத் தேடிய நீதிமன்றம் வாழ்வின் நிலையைக் கேட்டது. சரியான இடத்தில் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை முழுமையாக எடுத்துச்செல்ல வேண்டிய இடம் சட்டமன்றம்.

மறுதலையான ஒரு சட்டம்

கேட்டு எழுதினால் சட்டம் எப்படி அமையும் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. 2005-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த வன உரிமை மசோதாவில், 1980-க்கு முன் காட்டில் இருந்த பழங்குடியினருக்கு மட்டுமே உரிமை என்றிருந்தது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக் குழு பழங்குடி அமைப்புகளின் சாட்சியத்தைக் கேட்டது. கெடு 2005 டிசம்பர் 13-க்கு நகர்ந்தது. காட்டை நம்பி வாழும் பிற மக்களும் சேர்க்கப்பட்டார்கள். 2006-இல் நிறைவேறிய அந்தச் சட்டம், காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1882-இல் விசாரணை அலுவலரிடம் தொடங்குகிறது. 2006-இல் கிராம சபையிடம் தொடங்குகிறது. புதிய சட்டத்தின் விதிகளிலும் உரிமை கோர மூன்று மாதக் கெடு உண்டு. ஆனால் தேவைப்பட்டால் காரணத்தை எழுதி வைத்துவிட்டு, கிராம சபையே அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். முன்பு காகிதம் இல்லாதவர் கதியற்றவர். இப்போது ஊர்ப் பெரியவரின் வாய்மொழி எழுத்தில் பதிவானால் சான்று. முன்னோரைப் புதைத்த இடம் சான்று. கும்பிடும் கல் சான்று. உழுதுவரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. கடுக்காயும் தேனும் போன்ற சிறு வன விளைபொருளைச் சேகரித்து விற்கும் உரிமை ஊராருடையது. கல்வராயன் மலைக் கடுக்காய்க்குச் சந்தையில் உள்ள பெயரை அறிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு புரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரைச் சுற்றியுள்ள காட்டைக் காத்து நிர்வகிக்கும் சமூக உரிமை உண்டு. 1871-இல் வருவாய் வாரியம் எழுதியதைக் குடியரசு 135 ஆண்டுகள் கழித்துச் சட்டமாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்துக்கு நேர்ந்தது வேதனைக்குரியது. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்றது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கும்வரை எட்டு ஆண்டுகள் உருண்டோடின. பிற மாநிலங்கள் முன்னே போன காலம் அது. தடை நீங்கிய பிறகும் தனிக் குடும்பங்களின் நிலத்தைப் பற்றிய பேச்சே மேலோங்கியது. ஊரின் காடு என்ற பெரிய உரிமை பின்னுக்குப் போனது.

இன்னொரு குறையும் உண்டு. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. காலனிய அரசு 1874-இல் தொடங்கிப் போட்ட தனிப்பகுதிப் பட்டியல்களில் கல்வராயன் போன்ற மலைகள் இடம்பெறவில்லை. அந்த விடுபடல் குடியரசின் பட்டியலிலும் தொடர்ந்தது. அதனால் 1996-இன் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் இங்கே வராது. 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியவை

காட்டைக் காக்கக் கடுமையான சட்டம் வேண்டாமா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். கோமுகியும் மணிமுக்தாவும் இந்த மலையில் பிறந்து கீழே உள்ள வயல்களுக்கு நீர் தருகின்றன. காடு போனால் கள்ளக்குறிச்சியின் நெல்லும் கரும்பும் போகும். ஆனால் ஒரு காட்டை இரவும் பகலும் காவல் காக்கக்கூடியவர் அதன் நடுவில் வாழ்பவர். அவரைக் குற்றவாளியாக எழுதி வைத்துவிட்டு, அவருடைய காட்டை எத்தனை காவலரைக் கொண்டு காப்பீர்கள்? கடத்தல்காரருக்கு ஆள் கிடைப்பது, அந்தக் காட்டில் தனக்குப் பங்கில்லை என்று மலைவாசி நம்பத் தொடங்கிய இடத்தில்தான்.

முதலில் செய்ய வேண்டியது, கல்வராயன் மலையின் ஒவ்வொரு குடியிருப்பிலும் வன உரிமைக்கான கிராம சபையைக் கூட்டி, தனிநில உரிமையோடு சமூக வன உரிமையையும் கோரவைத்து, காலவரையறைக்குள் முடிப்பது. உரிமைச் சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்பது 2006-இன் சட்டத்திலேயே உள்ள கட்டளை. அதைக் கடைப்பிடிக்கப் புதிய ஆணை ஏதும் வேண்டாம்.

அடுத்தது, 1882-இன் சட்டத்தை நீக்கிவிட்டு, தமிழ்நாட்டுக்கென்று புதிய வனச் சட்டம் ஒன்றைத் தமிழில் எழுதுவது. ஒன்று கிராம சபை என்றும் மற்றொன்று அலுவலர் என்றும் சொல்லும் இரண்டு சட்டங்கள் ஒரே மலையில் ஒரே நேரத்தில் ஆள முடியாது. அப்படி ஆளும்போது ஊழியரின் கைக்குப் பழகிய பழைய சட்டமே வெல்லும்.

அதைவிட முக்கியம், அந்த மசோதா எழுதப்படும் விதம். சட்ட வரைவுகளை 30 நாளுக்காவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கையே வகுத்தது. அது கட்டாயம் ஆகவில்லை என்பதால் பெரும்பாலும் ஏட்டில் கிடக்கிறது. இணையதளத்தில் ஆங்கிலத்தில் ஏற்றி, மின்னஞ்சலில் கருத்துக் கேட்பது, 1882-இன் மூன்று மாதக் கெடுவின் புது அவதாரமாகவே முடியும். சட்டமன்றத் தேர்வுக் குழு மலைக்கு வர வேண்டும். உட்கார்ந்து கேட்க வேண்டும். கடுக்காய் பொறுக்கும் பெண்ணின் சாட்சியமும், வனக்காப்பாளரின் சாட்சியமும், கீழே நீருக்குக் காத்திருக்கும் விவசாயியின் சாட்சியமும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். ஏற்றதை ஏற்றதாகவும் மறுத்ததைக் காரணத்தோடும் குழு எழுத வேண்டும். வருவாய் வாரியத்தின் 1871 குறிப்பு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் நமக்கு உதவுகிறது. இன்றைய சாட்சியம் பதிவானால் அது நாளைக்கு உதவும்.

நம்முடைய சட்டமன்றம் கூடுவது இன்றும் அதே புனித ஜார்ஜ் கோட்டைக்குள்தான். 1882-இல் அங்கே நியமன உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் இன்று மக்கள் அனுப்பியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பழைய சட்டத்தை நீக்கும் அதிகாரமும் உண்டு. அந்த அறையில் விடுபட்ட பெயரை அந்த அறையில்தான் சேர்க்க முடியும். மசோதா கோட்டையில் நிறைவேறட்டும். அதற்கு முன் ஒருமுறை வெள்ளிமலையில் அதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, வந்திருப்பவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.